சோடியத்துக்கு ஏன் எஸ் வரவில்லை: தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தனிமக் குறியீடுகள்

கேள்வி சுருக்கமாக இது: வியாசர்பாடியில் ஒருவர் மாலை வகுப்பு எடுக்கிறார். ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், பெரும்பாலும் தமிழ்வழி. முதல் 20 தனிமங்களை மனப்பாடம் செய்ய வைத்தால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். அடுத்த வாரம் சோடியத்துக்கு எஸ்-ஓ என்றும் கால்சியத்துக்கு கே என்றும் எழுதுகிறார்கள். ஆய்வகம் இல்லை, பெரிதாகச் செலவழிக்கவும் வழியில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கால்சியத்துக்கு கே போட்ட பிள்ளைக்கு முதலில் பாதி மார்க் கொடுத்துவிடுங்கள். காதில் விழுந்ததை அது ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது. கார்பன், கால்சியம், குளோரின், குரோமியம், கோபால்ட், காப்பர், காட்மியம் எல்லாமே தமிழில் ‘க’ வரிசையில் வந்து நிற்கின்றன. அந்தச் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் கே என்று பிள்ளைக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தவறு அங்கே ஒளிந்திருக்கும்போது, ‘இன்னும் பத்து தடவை எழுது’ என்பது மருந்தாகாது. தமிழ்வழிப் பிள்ளைக்குக் குறியீட்டுப் பாடம் காதில் தொடங்க வேண்டும். கண்ணும் கையும் பிறகு.

அதனால் குறியீடுகளை இந்தப் பதிலில் வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன்: என்-ஏ, எஃப்-இ என்று. நடுவில் சின்னக் கோடு இருந்தால் முதல் எழுத்து கேப்பிட்டல், அடுத்தது ஸ்மால். முதல் வாரம் வகுப்பும் இப்படியே போகட்டும். ஒரே ஓர் இடத்தில் இடிக்கும்: ஆங்கிலத்தின் இரண்டு வேறு எழுத்துகளுக்கும் தமிழ் வாயில் ‘பி’ என்றே வரும். ‘பேட் பி’, ‘பேரட் பி’ என்று பெயர் வைத்துவிடுங்கள். போரான் பேட் பி. பாஸ்பரஸ் பேரட் பி. ஈயத்தின் குறியீட்டில் இரண்டும் வரும்: முதலில் பெரிய பேரட் பி, பின்னால் சின்ன பேட் பி. இந்த ஒன்றை மூன்று முறை உரக்கச் சொல்ல வைத்தாலே ஈயத்தைத் தலைகீழாக எழுதும் பழக்கம் பாதி குறையும்.

குறியீடு என்றால் என்ன என்பதற்கு இனிஷியலை விட நல்ல உதாரணம் கிடையாது. வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்தால் வருகைப் பதிவேட்டில் எம். கார்த்திக், எஸ். கார்த்திக் என்று பிரிக்கிறோம். சி எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் மட்டும் மொத்தம் 12 இருக்கின்றன. வெறும் சி-யைக் கார்பன் எடுத்துக்கொண்டது. மற்ற 11-க்கும் இரண்டாவது எழுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. 118 தனிமங்களில் ஒற்றை எழுத்தில் நிற்பவை 14 தான்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ், 1813-14 வாக்கில். அதற்கு முன் டால்டன் வட்டங்களை வரைந்துகொண்டிருந்தார்: ஹைட்ரஜனுக்கு நடுவில் புள்ளி வைத்த வட்டம், கார்பனுக்குக் கறுப்பாக நிரப்பிய வட்டம். அழகுதான், ஆனால் அச்சகத்தில் ஒவ்வொரு வட்டத்துக்கும் தனி அச்சு வெட்ட வேண்டும். எழுத்து என்றால் இருப்பதைக் கோத்தால் போதும். அந்த வட்டங்களைக் கரும்பலகையில் வரைந்து, ‘தண்ணீரை இப்படி எழுது’ என்று ஐந்து நிமிடம் விடுங்கள். எழுத்து எவ்வளவு வசதி என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

இப்போது காது வேலை. வகுப்பில் நான்கு பெட்டிகள் வையுங்கள், செருப்புப் பெட்டி போதும். மேலே க, ப, ச, ம என்று எழுதுங்கள். தனிமத்தின் பெயரைச் சொன்னதும் எந்தப் பெட்டி என்று பிள்ளை சொல்ல வேண்டும். பிறகு பெட்டியின் விதியைப் பாருங்கள்.

க பெட்டிக்கு விதி எளிது: சந்தேகம் வந்தால் சி. கே எழுத்தில் தொடங்குபவை மொத்த அட்டவணையிலும் இரண்டே: கிரிப்டான் (கே-ஆர்), அப்புறம் பொட்டாசியம். பொட்டாசியம் க பெட்டிக்கே வராத ஆள்; அதன் கதை பின்னால் வருகிறது. ப பெட்டியில் போரான், பெரிலியம், புரோமின், பேரியம் எல்லாம் பேட் பி. பாஸ்பரஸ், பிளாட்டினம் பேரட் பி. ஃபுளூரினை ஆய்த எழுத்தை விட்டுவிட்டுப் ‘புளூரின்’ என்று உச்சரித்தால் பிள்ளை நிச்சயம் பி போடும். அந்த ஒரு சொல்லில் உங்கள் உதட்டை அவர்கள் பார்க்கட்டும்: கீழுதட்டைப் பல் தொட வேண்டும். ச பெட்டிதான் மோசமானது. சிலிக்கான், சல்பர், செலினியம் எஸ், சீசியம் சி-எஸ், சிர்க்கோனியம் இசட்-ஆர், சோடியமோ எதிலும் சேராது. இந்தப் பெட்டியை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். ஆரம்பத்தில் சிலிக்கானும் சல்பரும் போதும்.

ம பெட்டியில் எல்லோரும் தடுக்கி விழும் ஒரு ஜோடி உண்டு: மெக்னீசியம் எம்-ஜி, மாங்கனீசு எம்-என். ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கே இது குழப்பம். தமிழில் ஒரு வசதி இருக்கிறது. மெக்னீசியத்தில் ‘க்’ ஒலிக்கிறது, அதுதான் ஜி. மாங்கனீசில் மூக்கு வழியே ‘ங்’ வருகிறது, அந்த மூக்கொலிக்கு என். மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘மாங்’ சொல்லச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், மறக்க மாட்டார்கள்.

காது பழகுகிற அதே வாரத்தில் கைக்குப் பொருள் கொடுக்க வேண்டும். அட்டவணைத் தாள் இப்போது வேண்டாம். ஒரு பையில் இவற்றைச் சேருங்கள்: 2 அங்குல இரும்பு ஆணி, சாப்பாடு மடிக்கும் அலுமினிய ஃபாயில், இஸ்திரி வண்டியில் இரண்டு துண்டு கரி, மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப் போட்ட செம்புக் கம்பி 10 சென்டிமீட்டர், நாட்டு மருந்துக் கடையில் 20 கிராம் கந்தகம், காசிமேட்டு வலைக் கடையில் ஓர் ஈயக்குண்டு, கூரைத் தகட்டின் ஒரு துண்டு, ஓர் எவர்சில்வர் கரண்டி, ஒரு பித்தளைத் தாழ்ப்பாள், மூடிய காலி பாட்டில் ஒன்று.

கம்பியில் ஏமாறாதீர்கள். வைண்டிங் கம்பியின் மேல் பளபளக்கும் செந்நிறம் வார்னிஷ். உப்புத்தாளால் தேய்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். இப்போது மலிவு மோட்டார்களில் அலுமினியக் கம்பியும் சுற்றுகிறார்கள்; தேய்த்ததும் வெள்ளையாகத் தெரிந்தால் அது ஏ-எல், சி-யு இல்லை. செம்பு பூசிய அலுமினியமும் உண்டு. நுனியை வெட்டி வெட்டுவாயைப் பாருங்கள், நடுவில் வெள்ளை இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொன்று, செம்பு எடுக்கப் பிள்ளைகள் வயரைக் கொளுத்த வந்தால் தடுத்துவிடுங்கள். மேலுறை பி.வி.சி.; அதில் குளோரின் இருக்கிறது. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் அதைவிட மோசமானவையும் புகையில் வரும். பிளேடால் சீவி எடுத்தால் போதும், அதுவும் பெரியவர்கள் கையால்.

ஈயக்குண்டை ஜிப் கவரில் போட்டு மூடி, அப்படியே காட்டுங்கள். தொட்ட கையால் யாரும் எதையும் தின்னக் கூடாது. கந்தகத்தைக் கொளுத்திக் காட்ட ஆசை வரும். மூடிய அறையில் சல்பர் டை ஆக்சைடு மூச்சை அடைக்கும், இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஆபத்து. பாதரசம் பக்கமே போக வேண்டாம்: தெர்மாமீட்டர், டியூப்லைட், சி.எஃப்.எல். எதையும் உடைக்காதீர்கள். துத்தநாகத்துக்காகப் பழைய பேட்டரியைப் பிரிக்கச் சொல்லும் யோசனை நிறையப் பேரிடம் உண்டு. சாதாரண டார்ச் பேட்டரியில் துத்தநாகக் குவளையும் நடுவில் கார்பன் தண்டும் இருப்பது உண்மைதான். ஆனால் ‘அல்கலைன்’ வகைக்குள் இருப்பது தோலை அரிக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, லித்தியம் வகை தீப்பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்து வகை பிரிக்கத் தெரியாத பிள்ளை வீட்டில் போய் எதையாவது பிரிக்கும். அதற்காகத்தான் கூரைத் தகடு. அதன் மேல் பூப்பூவாகத் தெரிகிறதே, அது இரும்பின் மேல் படிந்த துத்தநாகம், இசட்-என்.

பையைக் கொட்டி, தனிமம் ஒரு பக்கம், தனிமம் அல்லாதது ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். எவர்சில்வர் கரண்டியை எல்லாரும் வெள்ளிப் பக்கம் வைப்பார்கள். பெயரே அப்படி! அதில் ஏ-ஜி ஓர் அணு கூட வேண்டியதில்லை. பாத்திரத்துக்கு வழக்கமான வகையில் பெரும்பகுதி இரும்பு, சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சில பாத்திரங்களின் அடியில் 18/8 என்றே குத்தியிருக்கும். பித்தளை செம்பும் துத்தநாகமும். பாட்டிலில் உள்ள காற்றை ‘ஆக்ஸிஜன்’ என்பார்கள். அதில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான், நைட்ரஜன் 78, மிச்சத்தில் பெரும்பங்கு ஆர்கான். கரியும் சுத்தக் கார்பன் இல்லை, சாம்பல் கலந்தது. இந்த வகுப்புக்கு அது போதும். நகையைப் பற்றிக் கேட்பார்கள். 916 முத்திரை என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், ஆக 8 கிராம் சவரனில் ஏ-யு சுமார் 7.33 கிராம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. சவுகார்பேட்டை பக்கம் வீடு இருக்கிற பிள்ளை உங்களுக்கே பாடம் எடுக்கும்.

அடுத்ததைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள். குறியீடு எதற்கு என்ற கேள்விக்கு என் பார்வையில் இதுதான் சரியான விடை. ‘ஈயம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் இரண்டும் வெள்ளீயம். வலையின் அடிக்கயிற்றில் கட்டும் ஈயக்குண்டு காரீயம். பென்சிலின் உள்ளே இருப்பதையும் காரீயம் என்கிறார்கள்; அது களிமண் சேர்த்த கிராஃபைட், அதாவது கார்பன். தகரம் என்பது அகராதியில் வெள்ளீயம். தெருவில் தகரக் கொட்டகை என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு, தகர டப்பா என்றால் வெள்ளீயம் பூசிய இரும்பு. கரும்பலகையில் ஒரு பக்கம் இந்தப் பெயர்களை எழுதி, எதிரே குறியீடுகளை எழுதுங்கள்: ரசச் சொம்பு எஸ்-என், வலைக்குண்டு பேரட் பி-பேட் பி, பென்சில் சி, கொட்டகை எஃப்-இயின் மேல் இசட்-என், டப்பா எஃப்-இயின் மேல் எஸ்-என். ஐந்து பெயரிலும் இருந்த குழப்பம் எதிர்ப்பக்கத்தில் இல்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காரீயம் நஞ்சு, வெள்ளீயம் சமையலுக்குப் பயன்படுவது. சொம்பு வாங்கப் போகிறவர் ‘ஈயம்’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் பொய் சொன்னதாகாது. எஸ்-என் என்று கேட்டால் நழுவ இடமில்லை.

இனி சோடியம். பிள்ளைகளிடம் கேளுங்கள்: வீட்டில் ‘பாபு’ என்று கூப்பிடுகிறார்கள், ரேஷன் கார்டில் வெங்கடேசன் என்று இருக்கிறது, பள்ளியில் எந்தப் பெயர் எழுதுவார்கள்? ரேஷன் கார்டுப் பெயரைத்தான். சோடியம் கூப்பிடும் பெயர், ரேஷன் கார்டில் நேட்ரியம் என்ற லத்தீன் பெயர், அதனால் என்-ஏ. இப்படிக் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் ஒன்று என்று இருப்பவை 11 தான். அவற்றைத் தனித்தாளில் எழுதி ‘ரேஷன் கார்டு லிஸ்ட்’ என்று ஒட்டிவிடுங்கள்.

பொட்டாசியம், கேலியம்: கே. (இந்தக் கேலியம் லத்தீன் பெயர், ஜி-ஏ என்று எழுதும் தனிமம் தமிழில் இதே எழுத்துக்கூட்டில் வந்து குழப்பும், இப்போதைக்கு அதைச் சொல்லாதீர்கள்.) இரும்பு, ஃபெரம்: எஃப்-இ. பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் இரும்புச்சத்து மாத்திரையின் அட்டையில் ‘ஃபெரஸ்’ என்று இருக்கும், காட்டுங்கள். செம்பு, குப்ரம்: சி-யு, சைப்ரஸ் தீவின் பெயரிலிருந்து வந்தது. வெள்ளி, அர்ஜென்டம்: ஏ-ஜி. மெஸ்ஸி பிறந்த அர்ஜென்டினாவுக்கே வெள்ளியின் பெயர்தான், வியாசர்பாடியில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. தங்கம், ஆரம்: ஏ-யு. ஈயத்துக்கு பிளம்பம், ரோமானியர்கள் தண்ணீர்க் குழாயை ஈயத்தில் செய்தார்கள், குழாய் வேலைக்காரர் பிளம்பர் ஆனார். இன்றைய பிளம்பர் கையில் பி.வி.சி. குழாய், பெயரில் மட்டும் ஈயம். பாதரசம், ஹைட்ரார்ஜிரம்: ஹெச்-ஜி, ‘நீர் வெள்ளி’ என்று பொருள். வெள்ளீயம் ஸ்டேனம். டங்ஸ்டன் வோல்ஃப்ரம், டபிள்யூ. பழைய குண்டு பல்பின் இழை. பதினொன்றாவது ஆன்டிமனி, எஸ்-பேட் பி. இந்த வயதில் விட்டுவிடலாம்.

எழுதும் வேலைக்கு வரும்போது நாலு கோடு நோட்டு வாங்குங்கள். சாதாரண நோட்டில் எழுதினால் ஒரு குறிப்பிட்ட தவறு வந்தே தீரும். ஆங்கிலத்தில் சில எழுத்துகளின் பெரிய வடிவமும் சின்ன வடிவமும் ஒன்று, அளவுதான் வேறு: சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, இசட். கோபால்ட் பெரிய சி, சின்ன ஓ. அந்த ஓ கொஞ்சம் பெருத்துவிட்டால் கார்பன் ஓர் அணு, ஆக்ஸிஜன் ஓர் அணு சேர்ந்த கார்பன் மோனாக்சைடு: அடைத்த அறையில் கரி அடுப்பு வைத்தால் ஆளைக் கொல்லும் வாயு. ஓர் எழுத்தின் உயரத்தில் உலோகம் வாயுவாகிவிடுகிறது. நொபீலியம் (என்-ஓ) நைட்ரிக் ஆக்சைடு ஆவதும், ஹாஃப்னியம் (ஹெச்-எஃப்) ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆவதும் இதே மாதிரிதான். நாலு கோட்டில் பெரிய எழுத்து மேல் கோட்டைத் தொட வேண்டும், ஓ நடு இரண்டு கோட்டுக்குள் அடங்க வேண்டும். இரண்டு வாரம் இப்படி எழுதிவிட்டுச் சாதாரண நோட்டுக்குப் போகலாம்.

அச்சில் இன்னொரு கண்ணி உண்டு. சின்ன எல் எழுத்தும் பெரிய ஐ எழுத்தும் பல அச்சுகளில் ஒரே குச்சி. குளோரினை ‘சி-ஐ’ என்றும் அலுமினியத்தை ‘ஏ-ஐ’ என்றும் படிப்பார்கள். இப்போது எங்கே பார்த்தாலும் ஏ.ஐ. பேச்சு என்பதால் அலுமினியம் செயற்கை நுண்ணறிவாகவே ஆகிவிட்டது. கரும்பலகையில் எல் எழுதும்போது அடியில் ஒரு சின்ன வால் வையுங்கள்.

எண்கள் வந்தால் இரண்டே இரண்டு சொல்லிக் கொடுங்கள். எழுத்துக்கு முன்னால் பெரிதாக 2 நின்றால் இரண்டு தனி ஆட்கள். எழுத்துக்குப் பின்னால், கீழே சின்னதாக 2 நின்றால் கைகோத்த இரண்டு பேர், ஒரு மூலக்கூறு. சமன்பாடு இந்த மாதம் வேண்டாம்.

அட்டைகளைப் பிள்ளைகளே செய்யட்டும். சாதாரண சார்ட் தாள் 56-க்கு 71 சென்டிமீட்டர். 7-க்கு 9 என்று வெட்டினால் ஒரே தாளில் 56 அட்டை வரும், ஓரத்தில் 8 சென்டிமீட்டர் பட்டை மிஞ்சும். தேவை 34: முதல் 20 தனிமம், அதோடு குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு, துத்தநாகம், புரோமின், வெள்ளி, வெள்ளீயம், அயோடின், தங்கம், பாதரசம், ஈயம். மீதி 22 அட்டை, எழுதும்போது கெட்டுப்போவதற்கு. ஒரு பக்கம் குறியீடு மட்டும். மறுபக்கம் தமிழ்ப் பெயர், அணு எண், தெருவில் எங்கே பார்க்கலாம் என்ற ஒரு சொல். போரானுக்கு அந்தச் சொல் ‘கேரம் பவுடர்’. பலகையில் தூவும் வெள்ளைத் தூள் பெரும்பாலும் போரிக் அமிலம். வண்ணாரப்பேட்டைப் பையன்களுக்கு போரானை இதற்கு மேல் அறிமுகப்படுத்த வேண்டாம், விளையாடிவிட்டுக் கை கழுவச் சொன்னால் போதும்.

நாளுக்கு ஐந்து அட்டைக்கு மேல் தராதீர்கள். முதல் நாள் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், கந்தகம், ஐந்தும் ஒற்றை எழுத்து. முதல் இரண்டு எழுத்து அப்படியே வருபவை பிறகு: ஹெச்-இ, எல்-ஐ, என்-இ, ஏ-எல், எஸ்-ஐ, ஏ-ஆர், சி-ஏ, என்-ஐ. அதன்பின் நடு எழுத்தைத் தாண்டுபவை: எம்-ஜி, எம்-என், சி-எல், சி-ஆர், இசட்-என். கடைசியில் ரேஷன் கார்டு லிஸ்ட். அணு எண் வரிசையில் போனால் 11-ஆம் இடத்திலேயே சோடியம் வந்து உதைக்கும்; அதனால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் பழைய அட்டையில் பத்தைக் கலைத்து முதலில் கேளுங்கள். இதை விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் மறந்துபோகிற பழைய கதைதான்.

ஹீலியம் அட்டை வரும் நாளில் நம் ஊர்க் கதை ஒன்று சொல்லலாம். 1868 ஆகஸ்ட் 18 அன்று வந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஜான்சன் ஆராய்ந்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதோடு ஒட்டாத ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அதுதான் ஹீலியம். பூமியில் அதை ராம்சே 1895-இல்தான் பிரித்தெடுத்தார். திருவிழாவில் மேலே பறக்கும் பலூனை ஹீலியம் என்று நம்பிவிட வேண்டாம், பல இடங்களில் மலிவான ஹைட்ரஜனை அடைக்கிறார்கள். ஹெச் தீப்பிடிக்கும், ஹெச்-இ பிடிக்காது. பின்னால் நிற்கும் அந்தச் சின்ன இ-க்கு அவ்வளவு மதிப்பு.

ஒரே ஒரு செய்முறை போதும். நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்குங்கள். அது காப்பர் சல்பேட். 100 மில்லி தண்ணீரில் 5 கிராம், அதாவது ஒரு சின்ன ஸ்பூன், கண்ணாடித் தம்ளரில் கரையுங்கள். இரும்பு ஆணியை உப்புத்தாளில் தேய்த்து, பாதி மூழ்கும்படி நூலில் தொங்கவிடுங்கள். 15-20 நிமிடத்தில் மூழ்கிய பாதி செந்நிறமாகும். இன்னும் சில ஆணிகளைப் போட்டு மறுநாள் வரை வைத்தால் நீலம் வெளுத்துப் பச்சை தட்டும். தரையில் எஃப்-இ, சி-யு அட்டைகளை வைத்து, சி-யு வெளியே வருகிறது, எஃப்-இ உள்ளே போகிறது என்று இடம் மாற்றிக் காட்டுங்கள். குறியீட்டை நகர்த்தினால் பொருள் நகர்வது பிள்ளைக்கு அங்கேதான் பிடிபடும். எதுவும் நடக்காவிட்டால் ஆணியில் எண்ணெய் அல்லது பெயின்ட் இருக்கும். சட்டென்று கறுப்பாகப் படிந்தால் அது துத்தநாகம் பூசிய ஆணி, வேறு வாங்குங்கள். மயில்துத்தம் நஞ்சு. குடிக்கிற தம்ளரைப் பயன்படுத்தினால் அது திரும்ப அடுக்களைக்குப் போகக் கூடாது.

பிறகு தெருவுக்குப் போகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை விட மலிவான பாடநூல் இல்லை. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். என்-ஏ, கே, சி-எல், சி, ஹெச், ஓ: ஆறு அட்டையும் ஒரு பாக்கெட்டில். மணலியில் உரம் தயாரிக்கிறார்கள். மூட்டையில் 17:17:17 என்றிருந்தால் வரிசை என், பேரட் பி, கே. அதில் பாஸ்பரஸ், பொட்டாசியக் கணக்கு அவற்றின் ஆக்சைடாகப் போடப்படுவது, தனிமமாக அல்ல. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம், 45 கிலோ மூட்டைக்கு 20.7 கிலோ. காசிமேட்டு ஐஸ் கம்பெனி பக்கம் மூக்கில் ஏறும் நெடி அம்மோனியா: ஒரு என், மூன்று ஹெச். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்ததும் இதே வாயுதான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் பார்த்துப் பேசுங்கள். கடல்நீர் ஒரு லிட்டரில் குளோரைடு சுமார் 19 கிராம், சோடியம் சுமார் 11 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம். காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நீக்குவது இவற்றைத்தான்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு விளையாட்டு: பெயரைக் குறியீடுகளால் எழுதுவது. இதற்கு மட்டும் முழு அட்டவணை தேவை. அருண் வந்துவிடுவான்: ஆர்கான், யுரேனியம், நைட்ரஜன். முன்னால் வெனேடியம் சேர்த்தால் வருண், அதற்குப் பதில் தோரியம் சேர்த்தால் தருண். நிலாவுக்கு நிக்கலும் லாந்தனமும், ராணிக்கு ரேடியமும் நிக்கலும். ரஜினி, விஜய், அஜித் மூவரையும் எழுத முடியாது, ஏனென்றால் ஜே என்ற எழுத்து இன்றைய அட்டவணையில் எங்குமே இல்லை. (மென்டெலீவ் 1869-இல் போட்ட அட்டவணையில் அயோடினுக்கு ஜே இருந்தது, பிறகு போய்விட்டது.) கமல் மட்டும் தப்பிக்கிறார்: பொட்டாசியம், அமெரிசியம், அலுமினியம். வகுப்பில் சண்டை வரும், வரட்டும். ஜே-யைத் தேடி அட்டவணை முழுக்க ஒருமுறை கண்ணால் மேய்ந்துவிடுவார்கள்.

சுவரில் மாட்டும் அட்டவணையை நான்காவது வாரம் வாங்குங்கள். பாரிமுனை நடைபாதையில் கிடைக்கும் சார்ட்டுகளில் பழைய பதிப்புகளும் கலந்திருக்கும். வாங்குமுன் வலது கீழ் மூலையில் 118-ஆம் கட்டத்தைப் பாருங்கள். ஓ-ஜி என்று இருந்தால் புதியது. யு-யு-ஓ என்று மூன்று எழுத்து இருந்தால் பழையது. 113, 115, 117, 118 ஆகியவற்றுக்கு 2016 நவம்பர் 28 அன்றுதான் நிலையான பெயர் வந்தது. அதுதான் கிடைக்கிறது என்றால் விலையைக் குறைத்து வாங்கி, அந்த நான்கு கட்டத்தின் மேலும் என்-ஹெச், எம்-சி, டி-எஸ், ஓ-ஜி என்று எழுதிய வெள்ளைத் தாள் துண்டுகளை ஒட்டிக்கொள்ளுங்கள். 114-உம் 116-உம்கூட மூன்று எழுத்தில் இருந்தால் அது இன்னும் பழையது, எஃப்-எல், எல்-வி என்று அவற்றையும் மாற்ற வேண்டும்.